ஹோப் உதவித்தொகை: இரண்டு பிள்ளைகளின் அம்மா எழுதும் மதிப்பீடு

அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஜான்ஸ் கிரீக், ஆல்ஃபரெட்டா பக்கம் வீடு பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் பள்ளிக்கூடம் எப்படி என்று விசாரிப்பார்கள். பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் விசாரிப்பு ஹோப் பக்கம், அதாவது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜார்ஜியா மாநிலம் தரும் கல்லூரி உதவித்தொகை பக்கம், திரும்பிவிடும். என் மகள் ஹோப் உதவித்தொகையில் ஏதென்ஸில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்துவருகிறாள். மகன் உயர்நிலைப்பள்ளியில் இருக்கிறான். மகளின் காலத்தில் இருந்த விதி வேறு, மகனுக்கு இருக்கும் விதி வேறு. கோயிலிலும் பிறந்தநாள் விழாவிலும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லக் கேட்டுக்கேட்டு, நான் படித்துப் புரிந்துகொண்டதை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மாநில அரசு தரும் உதவித்தொகைகளில் இவ்வளவு தாராளமானது அமெரிக்காவில் அதிகம் இல்லை. ஒரு நட்சத்திரத்தைக் குறைப்பதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது.

என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். ஜார்ஜியாவில் உள்ள அரசுக் கல்லூரியில் சேர்ந்தால், இப்போது ஹோப் கல்விக்கட்டணம் முழுவதையும் கட்டிவிடுகிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகம், ஜார்ஜியா டெக் போன்ற பெரிய இடங்களில் உள்மாநில மாணவருக்குக் கல்விக்கட்டணம் ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் டாலர். நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் சம்பளக்காரக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் விடுதி, சாப்பாடு, புத்தகம், கல்லூரியின் இதர கட்டணங்கள் எதுவும் இதில் சேராது. விடுதியும் சாப்பாடும் மட்டுமே கல்விக்கட்டணத்தை மிஞ்சிவிடும். "ஹோப் கிடைத்தால் காலேஜ் இலவசம்" என்று யாராவது சொன்னால் பாதிதான் சரி. எமரி, மெர்சர் மாதிரி ஜார்ஜியாவிலேயே இருக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் தருகிறார்கள். அங்கே ஒரு நிர்ணயித்த தொகைதான், முழுக் கட்டணம் இல்லை. மாநிலத்துக்கு வெளியே போனால் ஒரு டாலர்கூட வராது.

இந்த "முழுக் கட்டணம்" என்பது 2023 இலையுதிர் பருவத்திலிருந்துதான். அதற்கு முன்பு நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான், ஏற்கெனவே பிள்ளைகளைப் படிக்கவைத்த நண்பர்கள் ஏன் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசுகிறார்கள் என்பது விளங்கும்.

ஹோப் 1993இல் தொடங்கியது. ஆளுநர் ஜெல் மில்லர் மாநில லாட்டரியைக் கொண்டுவந்து, அதன் வருமானம் கல்விக்குத்தான் போகவேண்டும் என்று வைத்தார். 1992 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் குறைந்த வித்தியாசத்தில்தான் அது தேறியது. ஆரம்பத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 66,000 டாலருக்குள் இருக்கவேண்டும் என்று வரம்பு இருந்தது. அடுத்த ஆண்டே அதை ஒரு லட்சமாக்கினார்கள். 1995இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இது தகுதிக்கு மட்டுமே தரும் உதவித்தொகை. சராசரி பி, அதாவது நான்குக்கு 3.0, வாங்கினால் போதும், அப்பா டாக்டராக இருந்தாலும் பேருந்து ஓட்டுநராக இருந்தாலும் ஒரே தொகை. ஃபுளோரிடாவின் பிரைட் ஃபியூச்சர்ஸ், டென்னசியின் ஹோப் எல்லாம் இதைப் பார்த்துப் பின்னால் வந்தவை.

பிறகு நெருக்கடி வந்தது. மாணவர் எண்ணிக்கையும் கல்விக்கட்டணமும் ஏற ஏற, லாட்டரிப் பணம் அந்த வேகத்துக்கு வளரவில்லை. 2011இல் ஆளுநர் நாதன் டீல் காலத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஹோப்பின் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் அதுதான். புத்தகத்துக்கும் இதர கட்டணங்களுக்கும் தந்துவந்த பணத்தை நிறுத்தினார்கள். ஹோப் தொகையைக் கல்விக்கட்டணத்திலிருந்து பிரித்து, லாட்டரி வருமானத்தைப் பொறுத்து ஆண்டுதோறும் முடிவாகும் தொகையாக ஆக்கினார்கள். கட்டணம் ஏறும்போது ஹோப்பும் அதே அளவு ஏறாது, ஆகவே அதன் பங்கு வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. முழுக் கட்டணமும் வேண்டும் என்றால் ஜெல் மில்லர் உதவித்தொகை என்ற மேல்தட்டுக்கு ஏறவேண்டும் என்றார்கள். அதற்குப் பள்ளியில் 3.7 ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி), அதோடு எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 1200.

என் மகள் 2022இல் பள்ளியை முடித்தாள். ஹோப் கிடைத்தது, ஜெல் மில்லர் கிடைக்கவில்லை. அந்த ஆண்டில்தான் ஹோப்பை 90 சதவீதத்துக்கு உயர்த்தியிருந்தார்கள். அவளுடைய முதல் செமஸ்டர் பில்லில் கல்விக்கட்டணத் தொகைக்குக் கீழே ஹோப் கழிவு, அதற்கும் கீழே ஐந்நூறு டாலர் அளவுக்கு ஒரு மீதி. அந்த மீதியைக் கட்டும்போது, பக்கத்து அறைப் பெண்ணுக்கு ஜெல் மில்லரில் அந்த மீதி பூஜ்யமாக இருப்பதை மகள் சொன்னாள். அடுத்த ஆண்டு ஆளுநர் பிரையன் கெம்ப் ஹோப்பையும் நூறு சதவீதமாக்கினார். 2023 இலையுதிர் பில்லில் அந்த மீதி காணாமல்போனது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பு எடுத்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நான் இதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இது பட்ஜெட்டில் வைத்துத் தரும் தொகை. லாட்டரி நன்றாக ஓடுகிறவரைதான் இப்படி இருக்கும். 2011ஐப் பார்த்தவர்கள் இதை மறக்கக்கூடாது. எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இதே நூறு சதவீதம் இருக்கும் என்று நம்பி மற்ற சேமிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

இனி நம் பெற்றோர்கள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம். ஜிபிஏ கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

நமக்குப் பழகிய கணக்கு பிளஸ் டூ கட்-ஆஃப். கடைசி ஆண்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தால் கரையேறிவிடலாம் என்பது நம் ரத்தத்தில் ஊறியது. அதனால் ஒன்பதாம் வகுப்பைப் பழகும் வருஷமாக நினைத்து விட்டுவிடுகிறோம். இங்கே அது செல்லாது. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலமும் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலமும் ஹோப் கணக்கில் ஒரே எடை. பதினான்கு வயதில் வாங்கிய 79ஐப் பதினேழு வயதில் வாங்கும் எந்த மதிப்பெண்ணும் அழிக்காது. அதே பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் பழையதும் புதியதும் சேர்ந்தே கணக்கில் வரும்.

அடுத்து, பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் இருக்கும் ஜிபிஏ வேறு, ஹோப் ஜிபிஏ வேறு. 2007இல் பள்ளி முடித்த பிள்ளைகளிலிருந்து, கணக்கைப் பள்ளிகளிடம் விடாமல் ஜார்ஜியா மாணவர் நிதி ஆணையமே எல்லாருக்கும் ஒரே மாதிரி போடத் தொடங்கியது. அதற்கு முன்பு ஒவ்வொரு மாவட்டமும் கடினப் பாடங்களுக்குத் தன் இஷ்டத்துக்கு எடை, அதாவது கூடுதல் மதிப்பெண், சேர்த்துக்கொண்டிருந்ததால் அது நியாயமான மாற்றம்தான். ஆனால் அந்த மாற்றம் எத்தனையோ பெற்றோருக்கு இன்னும் போய்ச்சேரவில்லை. முதலில், ஐந்து துறைகள் மட்டுமே கணக்கில் வரும்: ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், வெளிநாட்டு மொழி. இசைக்குழு, ஓவியம், உடற்கல்வி இவற்றில் வாங்கிய ஏ எதுவும் உதவாது. இரண்டாவது, 90 முதல் 4, 80 முதல் 3, 70 முதல் 2. நடுவில் பின்னம் கிடையாது. 80 வாங்கியவனுக்கும் 89 வாங்கியவனுக்கும் ஒரே 3. மூன்றாவது, பள்ளி சேர்த்த எடையைக் கழித்துவிடுவார்கள்.

ஒரு உதாரணம். எங்கள் பள்ளியில் ஏபி (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரித் தரப் பாடம்) பாடத்துக்கு 7 மதிப்பெண் கூட்டிப் போடுவார்கள். மகள் ஏபி கால்குலஸில் உண்மையில் வாங்கியது 86. டிரான்ஸ்கிரிப்டில் 93 என்று இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் அது ஏ. ஹோப் கணக்கில் அந்த 7 மதிப்பெண்ணையும் கழித்தார்கள், மறுபடி 86, அதாவது பி, 3.0. அப்புறம் ஏபி என்பதற்காக மாநிலம் தன் பங்குக்கு அரைப் புள்ளி சேர்த்தது. ஆக 3.5. ஏபியில் உண்மையாகவே 90க்கு மேல் வாங்கியிருந்தால் 4.0தான், அதற்கு மேல் சேர்க்கமாட்டார்கள். பி, சி, டிக்குத்தான் அந்த அரை.

பள்ளி ஆலோசகர் மகளின் 4.1 என்ற எண்ணைக் காட்டி, "ஜெல் மில்லருக்குக் கவலையே வேண்டாம்" என்றார். அவர் காட்டியது பள்ளி எடை சேர்த்த எண். ஜிஏ ஃபியூச்சர்ஸ் என்ற மாநில இணையதளத்தில் அவள் கணக்கில் நுழைந்து பார்த்தபோது ஹோப் ஜிபிஏ 3.58. இரண்டுக்கும் நடுவில் அரைப் புள்ளி. அந்த ஆலோசகர் கெட்டவர் இல்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தலையில் சுமப்பவர், ஒரு திரையைப் பார்த்துச் சொன்னார். ஆனால் 4.1ஐ நம்பியே கடைசி ஆண்டுக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தோம். உண்மை எண் முன்பே தெரிந்திருந்தால் அவளுடைய பாடத் தேர்வு வேறாக இருந்திருக்கும்.

அந்த 3.58 எப்படி வந்தது என்று சொல்கிறேன், உங்கள் பிள்ளைக்கும் இதே மாதிரி காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சாதாரணமாக ஒரு பிள்ளைக்குக் கணக்கில் வரும் முழு ஆண்டுப் பாடங்கள் பதினேழு என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலம் நான்கு, கணிதம் நான்கு, அறிவியல் நான்கு, சமூக அறிவியல் மூன்று, மொழி இரண்டு. எல்லாவற்றிலும் ஏ என்றால் 68 புள்ளி. சாதாரணப் பாடத்தில் ஒரு பி விழுந்தால் 1 புள்ளி போகும், ஏபியில் பி விழுந்தால் அரைப் புள்ளி போகும். மகளுக்கு ஆறு சாதாரண பி, இரண்டு ஏபி பி. ஏழு புள்ளி போய் 61. பதினேழால் வகுத்தால் 3.58. ஜெல் மில்லருக்கு 3.7 வேண்டும், அதாவது 63 புள்ளி. நான்கு ஆண்டில் ஐந்து சாதாரண பி வரை தாங்கும், ஆறாவது பி விழுந்தால் போச்சு. முழுமையாக்கிக் கூட்டித் தரமாட்டார்கள். 3.69 என்றால் 3.69தான்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஒரு விஷயம் தெளிவானது. ஏபி எடுப்பதால் ஹோப் குறையும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். சாதாரண வகுப்பில் 92 வாங்கும் பிள்ளை ஏபியில் 85 வாங்கினால் அரைப் புள்ளி நஷ்டம், உண்மைதான். ஆனால் சாதாரண வகுப்பிலும் பிதான் வரும் என்றால் ஏபி எடுப்பதே லாபம். அதோடு ஏபியைத் தவிர்ப்பது கல்லூரி அனுமதியில் அடிக்கும். அரைப் புள்ளிக்காகப் பிள்ளையின் படிப்பையே சுருக்காதீர்கள்.

பாடங்களின் கடினம் பற்றியும் ஒரு விதி உண்டு. 2011 சட்டத்தில் வந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2015இல் முடித்தவர்களுக்கு இரண்டு கடினப் பாடம், 2016க்கு மூன்று, 2017 முதல் நான்கு. உயர் கணிதம், வேதியியல், இயற்பியல் போன்ற உயர் அறிவியல், ஏபி, ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம், பள்ளியில் இருந்தபடியே எடுக்கும் கல்லூரி இரட்டைச் சேர்க்கைப் பாடங்கள் இதில் வரும். நம் பிள்ளைகள் பொதுவாக இதை யோசிக்காமலே தாண்டிவிடுவார்கள். இருந்தாலும் பட்டியலை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

எஸ்ஏடி பற்றிச் சுருக்கமாக: ஜெல் மில்லருக்கு 1200, அதற்கு மாற்றான ஏசிடி தேர்வு என்றால் 25, முன்பு 26 இருந்தது. ஒரே அமர்வில் வாங்கவேண்டும். மார்ச்சில் கணிதமும் ஜூனில் ஆங்கிலமும் சேர்த்துக் காட்டுவது கல்லூரி அனுமதிக்குச் செல்லும், இங்கே செல்லாது. பள்ளியின் முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்களுக்கு இந்த மதிப்பெண் நிபந்தனையிலிருந்து விலக்கு. வெறும் ஹோப்புக்கு எஸ்ஏடியே தேவையில்லை, 3.0 போதும்.

இப்போது ஹோப்பும் ஜெல் மில்லரும் அரசுக் கல்லூரியில் ஒரே தொகை என்றால், 3.7க்காக ஏன் இவ்வளவு பாடு என்று என் மகனே கேட்டான். நல்ல கேள்வி. ஒரு காரணம், நாளைக்கு உதவித்தொகையைக் குறைத்தால் முதலில் அடி விழுவது ஹோப்புக்குத்தான். 2011இலும் ஜெல் மில்லர்க்காரர்கள் முழுக் கட்டணத்தோடு தப்பினார்கள். இன்னொன்று, தனியார் கல்லூரி என்றால் ஜெல் மில்லர் தொகை கூடுதல். மூன்றாவது, ஜெல் மில்லரைப் பள்ளியிலேயே சம்பாதிக்கவேண்டும். ஹோப்பைக் கல்லூரி போயும் பிடிக்கலாம்.

இந்தக் கடைசி விஷயம் ஹோப்பில் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளியில் 3.0 வரவில்லை என்று ஒரு பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுவதில்லை. கல்லூரியில் முப்பது கிரெடிட் மணிநேரம் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) முடித்ததும் 3.0 இருந்தால் உள்ளே வரலாம். அப்போது தவறினால் அறுபதில், அதற்கும் பிறகு தொண்ணூறில். பள்ளியில் சுமாராக இருந்து கல்லூரியில் விழித்துக்கொள்ளும் பிள்ளைகள் எவ்வளவோ பேர். அவர்களை நினைத்து ஒரு விதி எழுதியிருக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

அதே முப்பது, அறுபது, தொண்ணூறுதான் உள்ளே இருப்பவர்களுக்கும் சோதனைச் சாவடி. ஒவ்வொரு வசந்த செமஸ்டர் முடிவிலும் பார்ப்பார்கள். ஹோப்பைத் தக்கவைக்க 3.0, ஜெல் மில்லருக்கு 3.3. ஜெல் மில்லர் பிள்ளை 3.1க்கு இறங்கினால் ஹோப்புக்கு வந்துவிடும், கையில் ஒன்றும் இல்லாமல் போகாது. 3.0க்குக் கீழே போனால் ஹோப் நின்றுவிடும். அடுத்த சாவடியில் மீண்டும் பெறலாம். ஆனால் ஒருமுறைதான். இரண்டாம் முறை இழந்தால் அத்தோடு முடிந்தது. இதுவும் 2011இல் வந்த கட்டுப்பாடு.

கல்லூரியின் ஜிபிஏவும் ஹோப் பார்க்கும் ஜிபிஏவும் இங்கேயும் வேறு வேறு. திரும்ப எழுதிய பாடத்தின் பழைய மதிப்பெண்ணைக் கல்லூரி மறந்தாலும் ஹோப் மறக்காது. பாதியில் கைவிட்டு டபிள்யூ வாங்கிய பாடம் ஜிபிஏவைக் குறைக்காது, ஆனால் எடுத்த மணிநேரமாக எண்ணப்படும். மொத்தம் 127 மணிநேரம்தான் வரம்பு. மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, இரண்டு தடவை மாற்றும் பிள்ளைகள் இந்த 127இல் மாட்டிக்கொள்வார்கள். ஏபி தேர்வில் வாங்கிய கிரெடிட் அந்த வரம்பில் சேராது என்பது ஆறுதல்.

பொறியியலும் அறிவியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல திருத்தம் வந்தது. ஜார்ஜியா டெக் போன்ற இடத்தில் முதல் ஆண்டிலேயே 3.0ஐ இழந்துவிடுகிறார்கள், சுலபமான பாடம் எடுத்தவர்கள் தப்பிவிடுகிறார்கள் என்ற குறை பல காலமாக இருந்தது. 2016இல் சட்டம் போட்டு, 2017 இலையுதிர் பருவத்திலிருந்து, பட்டியலில் உள்ள கடினமான அறிவியல், கணித, கணினிப் பாடங்களில் பி, சி, டி வாங்கினால் ஹோப் கணக்குக்கு மட்டும் அரைப் புள்ளி கூட்டுகிறார்கள். என் மகளை அது காப்பாற்றியது. இரண்டாம் செமஸ்டரில் பட்டியலில் இருந்த ஒரு வேதியியல் பாடத்தில் சி வாங்கினாள். அழுதுகொண்டே போன் செய்தாள். ஹோப் போய்விடும், நீங்கள் கடன் வாங்கவேண்டியிருக்கும் என்றாள். நானும் அவளும் போனிலேயே கூட்டிப் பார்த்தோம். அந்த சி 2.0 ஆக இல்லாமல் 2.5 ஆனது, முப்பது மணிநேரச் சாவடியில் 3.0க்கு மேலேயே நின்றாள். அடுத்த ஆண்டு அதே துறையில் தைரியமாக மேல் பாடங்களை எடுத்தாள். மேஜரை மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெண் அவள். பணத்துக்காகப் படிப்பை மாற்றாமல் இருக்க இந்த அரைப் புள்ளி போதுமாக இருந்தது.

இன்னொரு திருத்தமும் உண்டு. முன்பு பள்ளி முடித்து ஏழு ஆண்டுக்குள் ஹோப்பைப் பயன்படுத்தவேண்டும் என்று இருந்தது, பிறகு அதைப் பத்தாக்கினார்கள். நடுவில் வேலைக்குப் போகவேண்டிவந்த பிள்ளைகளுக்கும் குழந்தை பெற்றுத் திரும்பும் பெண்களுக்கும் இது பெரிய உதவி.

விண்ணப்பம் சுலபம். ஃபாஃப்ஸா என்ற மத்திய அரசின் நிதியுதவிப் படிவத்தைப் போடலாம், அல்லது மாநிலத்தின் சொந்தப் படிவத்தைப் போடலாம். வருமானம் அதிகம், ஃபாஃப்ஸா நமக்கு எதற்கு என்று நினைப்பவர்கள் அந்த மாநிலப் படிவத்தையாவது போட்டுவிடவேண்டும். படிவம் இல்லாமல் ஹோப் தானாக வராது.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம்.

ஹோப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், அல்லது கிரீன் கார்டு போன்ற தகுதி வேண்டும். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் பிள்ளைக்குக் கிடையாது. மூன்று வயதில் இங்கே வந்து, மழலையர் பள்ளி தொடங்கி பன்னிரண்டாம் வகுப்பு வரை ஜார்ஜியாவிலேயே படித்திருந்தாலும் கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலை வழி கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று நம் வீடுகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்கே வந்துவிடுகிறார்கள், வரிசை நகர்வதில்லை.

எங்கள் தெருவில் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. மூத்தவன் அங்கே பிறந்தவன், இளையவள் இங்கே பிறந்தவள். இருவரும் ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர்களிடம்கூடப் படித்திருக்கிறார்கள். மூத்தவனுக்கு 3.9, எஸ்ஏடி 1480. அவனுக்கு ஹோப்பும் இல்லை, ஜெல் மில்லரும் இல்லை. தங்கைக்கு இரண்டுக்கும் வழி உண்டு. அவன் அம்மா ஒருநாள் என்னிடம், "அக்கா, அவன்தான் இவளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்கிறான்" என்றார். நான் என்ன பதில் சொல்லமுடியும்? அவனுக்கு 21 வயது முடிந்தால் எச்-4ம் போய்விடும் என்பது அவர்களுக்கு அடுத்த கவலை. அவன் அப்பாவும் அம்மாவும் இந்த மாநிலத்துக்கு வருமான வரி கட்டுகிறார்கள், சொத்து வரி கட்டுகிறார்கள். குடியிருப்பு விதியில் ஜார்ஜியா பன்னிரண்டு மாதம் கேட்கிறது. அவன் பதினான்கு ஆண்டு இருந்திருக்கிறான். தகுதிக்குத் தரும் உதவித்தொகை என்று சொல்லிக்கொண்டு, அந்தத் தெருவிலேயே அதிகத் தகுதி உள்ள பிள்ளையை விட்டுவிடும் விதியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்த மாற்றத்தை மாநிலச் சட்டமன்றத்தில் யாராவது கேட்கவேண்டும். இங்கே வாக்குரிமை வாங்கிய நம்மவர்கள் இப்போது நிறைய. நம் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது என்று பேசாமல் இருந்தால் யார் கேட்பது?

எச்-4 பிள்ளைகள் உள்ள பெற்றோர் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்மாநிலக் கட்டணம் என்பது தனி விதி, ஹோப் தனி விதி. ஒன்று இல்லை என்பதால் மற்றதும் இல்லை என்று நினைத்துவிடாமல், சேரப்போகும் கல்லூரியில் குடியிருப்பு வகைப்பாடு பற்றித் தனியாக எழுதிக் கேளுங்கள். கிரீன் கார்டு வரப்போகிறது என்றால், வந்த பிறகு ஹோப்புக்கு எப்போது தகுதி தொடங்கும் என்பதையும் அதே நிதியுதவி அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

வருமான வரம்பை எடுத்தது பற்றியும் எனக்கு உறுத்தல் உண்டு. என் குடும்பம் அதனால் பலனடைந்த குடும்பம், அதைச் சொல்லியே இதைச் சொல்கிறேன். லாட்டரிச் சீட்டு வாங்குபவர்களில் ஏழைகள் அதிகம், ஹோப் வாங்குபவர்களில் வசதியான புறநகர்ப் பிள்ளைகள் அதிகம் என்ற குறையைக் கல்வித்துறையில் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். நல்ல பள்ளி, தனிவகுப்பு, அமைதியான அறை எல்லாம் உள்ள பிள்ளைக்கு 3.7 வருவதும், மாலையில் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு 3.0 வருவதும் ஒன்றல்ல. அந்தப் பிள்ளைக்குக் கல்விக்கட்டணம் கிடைத்தாலும் விடுதிக்குப் பணம் எங்கிருந்து வரும்? 2011இல் வெட்டிய புத்தகப் பணத்தையாவது குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் திருப்பித் தரலாம். முழுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களால் அதுவும் முடியும்.

என் மகன் இப்போது பத்தாம் வகுப்பு. ஹோப் கணக்கில் இதுவரை ஒரு சாதாரண பி, ஒரு ஏபி பி. ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் ஜிஏ ஃபியூச்சர்ஸில் அந்த எண்ணைப் பார்த்து, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் அவனே எழுதிவைக்கிறான். பள்ளி காட்டும் பெரிய எண்ணை அந்தத் தாளில் எழுதுவதில்லை. உங்கள் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு என்றால் இந்த வாரமே கணக்குத் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். எண் தவறாகத் தெரிந்தால், எந்தப் பாடம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பள்ளிப் பதிவாளரிடம் இப்போதே கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத்தில் கேட்டால் திருத்த நேரம் இருக்காது.